டிக்கெட்டோடு ஆளையும் வாங்கிவிட்டோமா?

கோடை விடுமுறை வந்தால் நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு பிள்ளைகளையும் வாலிபரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வருகிறோம். சென்னைப் பக்கத்தார் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். கோவைப் பக்கத்தார் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டருக்கும், மதுரைப் பக்கத்தார் பரவையில் அதிசயத்துக்கும் போவார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் திறந்தாயிற்று. போவதில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைகள் சிரித்து விளையாடட்டும். வருஷம் முழுவதும் புத்தகப் பை சுமந்த தோள்கள் ஒரு நாள் தண்ணீரில் நனையட்டும்.

ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்த பிறகு, அங்கே வேலை செய்கிறவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்ளுகிறோம் என்பதைப் பற்றி யாராவது பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. டிக்கெட் கவுண்டரில் இருக்கிற சகோதரி, பையைச் சோதிக்கிற காவலாளி, லாக்கர் சாவி கொடுக்கிறவர், ராட்டினத்தில் லாக் போடுகிற பையன், குளத்தங்கரையில் விசிலோடு நிற்கிறவர், கழிப்பறையைக் கழுவுகிற அம்மா. இவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத மனம் ஏவப்பட்டது.

கேள்வி இதுதான்: "நான் காசு கொடுத்து வந்திருக்கேன். என்னிடம் மரியாதையாய்ப் பேசுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் பொறுமையாய் இருக்கணும், சரி. நான் ஏன் அவனிடம் பொறுமையாய் இருக்கணும்?" இப்படி வாய்விட்டுக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர். மனதுக்குள்ளே இப்படி நினைத்து நடக்கிறவர்கள் அநேகர்.

1. எதை வாங்கினோம்?

டிக்கெட்டைத் திருப்பி என்றைக்காவது நிதானமாய் வாசித்துப் பாருங்கள். உள்ளே போகலாம், ராட்டினத்தில் ஏறலாம், தண்ணீரில் விளையாடலாம், இன்ன நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்ற மாதிரி இருக்கும். "ஊழியரை வாடா போடா என்று கூப்பிடலாம், கோபம் வந்தால் அவர் முகத்துக்கு நேரே கத்தலாம்" என்று எந்த டிக்கெட்டிலும் அச்சடித்திருக்காது. அந்தப் பெண்ணுடைய எட்டு மணி நேர வேலையைப் பூங்காக்காரர் சம்பளம் கொடுத்து வாங்கியிருக்கிறார். அந்த வேலையில் ஒரு சிறு பங்கு டிக்கெட் வழியாக நமக்கு வந்து சேர்கிறது. அவளுடைய மானம் அந்த வியாபாரத்தில் எந்த இடத்திலும் விற்கப்படவில்லை. விற்காத பொருளை எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

சென்னை இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவுக்குப் போன பழைய ஆட்களுக்குச் "சிலை மனிதன்" ஞாபகம் இருக்கும். ராஜசேவகன் உடுப்பில், பெரிய மீசையோடு, மணிக்கணக்காய் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்று சொல்லுவார்கள். ஜனங்கள் அவர் முகத்துக்கு முன்னே போய் நின்று பல்லைக் காட்டுவார்கள், கேலி பேசுவார்கள், கூத்தாடுவார்கள். அவர் அசைய மாட்டார். பல வருஷங்கள் அப்படியே நின்றார். அது அவர் ஒத்துக்கொண்ட வேலை, எல்லாருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு. ஆனால் கவுண்டரில் இருக்கிற சகோதரி அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டு வரவில்லையே! அவளும் சிலைபோல் நின்று நம்முடைய பேச்சையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவள் முகம் கொஞ்சம் வாடினாலும், "என்ன திமிரு பாரு" என்கிறோம்.

சிரித்த முகமாய் இருப்பதே ஒரு உழைப்பு. ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். மூட்டை தூக்குகிறவன் உடம்பால் உழைக்கிறதுபோல, இவர்கள் தங்கள் உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் உழைக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினார். யோசித்துப் பாருங்கள். காலையில் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். சம்பளம் பத்து நாளில் தீர்ந்துபோகிறது. அதை எல்லாம் உள்ளே வைத்து மூடிவிட்டு, "வாங்க சார், எத்தனை டிக்கெட்?" என்று ஆயிரமாவது ஆளிடமும் முதல் ஆளிடம் கேட்ட அதே முகத்தோடு கேட்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனுடைய முதுகில் இன்னொரு மூட்டையைத் தூக்கி எறிய நமக்கு மனசு வராது. இவள் சுமக்கிற மூட்டை நம் கண்ணுக்குத் தெரியாதபடியினால் எறிந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டில் வேலைக்காரரை "நடிகர் குழுவினர்" என்றுதான் அழைக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு வந்து நின்றால் மேடை ஏறினதுபோல. அப்பேர்ப்பட்ட இடத்திலேயே, வருகிறவர்கள் மற்றவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் நடத்த வேண்டும் என்று 2022-ம் வருஷக் கடைசியில் இணையதளத்தில் எழுதிப் போட வேண்டியதாயிற்று. காசு மிகுந்த தேசமானாலும் மனுஷ சுபாவம் ஒன்றுதான்.

2. "முடியாதுங்க" என்ற வார்த்தை

சண்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் "முடியாதுங்க" என்ற ஒரு வார்த்தையில் ஆரம்பிக்கிறது. பையன் உயரம் பத்தாது, ஏற முடியாதுங்க. சேலையோடு குளத்தில் இறங்க முடியாதுங்க. துப்பட்டாவோடு கோ-கார்ட் ஓட்ட முடியாதுங்க. கேட்கிறவருக்கு இது அவமானமாய்ப் படுகிறது. சொல்லுகிறவன் வயதில் சின்னவன். சம்பளத்தில் அதைவிடச் சின்னவன். அவன் நமக்கு "முடியாது" சொல்லுவதா?

அந்த "முடியாது" எதற்காக என்று தெரிந்தால் கோபம் பாதி அடங்கும். வாசலில் உயரத்துக்குக் கோடு போட்டிருப்பது பிள்ளையின் தைரியத்தை அளப்பதற்கு அல்ல. தோளுக்கு மேலே இறங்குகிற கம்பியும் மடியை அழுத்துகிற கம்பியும் ஓரளவு வளர்ந்த உடம்புக்குத்தான் சரியாய்ப் பொருந்தும். சின்ன உடம்பு கம்பிக்கு அடியிலே நழுவிவிடும். சேலையும் பருத்தித் துணியும் தண்ணீரில் ஊறிக் கனத்து, காலைச் சுற்றும், சறுக்கில் சிக்கும். நூல் பிரிந்து தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வடிகட்டியிலும் போய் அடைக்கும். துப்பட்டா விஷயமோ அதைவிடக் கொடுமை. 2020 அக்டோபரில் ஹைதராபாத் புறநகரில் கோ-கார்ட் ஓட்டின ஒரு இளம்பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி, அந்தப் பிள்ளை இறந்தே போனாள். "அக்கா, முடியை நல்லா கட்டிக்கோங்க, துப்பட்டாவைக் கழட்டி வச்சிடுங்க" என்று ஒருவன் நம் மகளிடம் சொன்னால், அவன் குறை சொல்லுகிறவனா, காவல் காக்கிறவனா?

ஒருமுறை எங்கள் வாலிபரோடு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தபோது கண்ணால் கண்டது. மே மாத வெயில். இரும்புப் படியில் கால் வைக்க முடியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவருடைய பையன் கோட்டுக்கு நாலு விரற்கடை குறைவு. லாக் போடுகிற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "சார், கோடு வரைக்கும் வரணும் சார். அடுத்த வருஷம் கண்டிப்பா ஏறலாம்" என்று பதவிசாய்த்தான் சொன்னான். அவ்வளவுதான்! "நான் யார் தெரியுமாடா? முழு டிக்கெட் வாங்கியிருக்கேன். உன் வேலையைத் தொலைச்சிடுவேன்" என்று அந்த மனுஷன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து சிலர், "விடுப்பா, ஒரு ரவுண்டுதானே" என்று நியாயம் பேசினார்கள். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

கூட்டம் குறைந்தபிறகு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. படித்திருக்கிறான். "தினமும் இப்படித்தானா தம்பி?" என்றேன். "திட்டுறதெல்லாம் பழகிடுச்சுங்கய்யா. அந்தச் சின்னப் பையன் என்னை முறைச்சான் பாருங்க, அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் அவனுக்கு ஏதோ கெடுதல் பண்ணினவன்னு நினைச்சிருப்பான்ல?" என்றான்.

எனக்கு அந்த வார்த்தை மனதில் குத்தினது. பிள்ளையின் உயிரைக் காத்தவனைப் பிள்ளைக்கே சத்துருவாகக் காட்டிவிட்டுப் போனார் அந்தத் தகப்பன். ராட்டினத்தில் ஏறாததால் அந்தப் பையனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எளியவன் நியாயம் சொன்னால் அவனைச் சத்தம் போட்டு அடக்கலாம் என்று கற்றுக்கொண்டானே, அதுதான் நஷ்டம்.

நாம் ஏறுவதற்கு முன்பாக அந்த ராட்டினத்தில் ஏறிப் பார்க்கிறவர்களும் இதே வேலைக்காரர்தான். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் ஒரு புது ராட்டினத்தைச் சோதித்துப் பார்த்தபோது அது விபத்துக்குள்ளாகி, ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். 2025 மே மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், தீயணைப்புப் படையினர் வந்து ஜனங்களை இறக்க வேண்டியதாயிற்று. "செக் பண்றோம், பத்து நிமிஷம் இருங்க" என்று ஒருவன் சொல்லும்போது, "எவ்வளவு நேரம்டா?" என்று அவசரப்படுத்துகிறோமே! அவன் பதறினால், ஒரு கம்பியைச் சரியாய் இழுத்துப் பார்க்காமல் விட்டால், யாருடைய பிள்ளை மேலே போகிறது? நாம் பொறுமையாய் இருப்பது நம்முடைய பிள்ளைக்கும் பாதுகாப்பு.

3. யார் மேல் கோபம்?

வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டது யார்? காவலாளியா? கட்டணத்தை உயர்த்தியது யார்? கவுண்டர் சகோதரியா? வரிசை இரண்டு மணி நேரம் நீளுகிற அளவுக்கு டிக்கெட் விற்றது யார்? லாக் போடுகிற பையனா? இவர்களில் ஒருவரும் இல்லை. முடிவு எடுத்தவர் குளிர்ந்த அறையில் எங்கேயோ இருக்கிறார். அவருக்கு நம் சத்தம் கேட்காது. விடியற்காலையில் எழுந்து கட்டின புளியோதரையை வாசலிலே வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும், நானும் ஒத்துக்கொள்ளுகிறேன். ஆனால் அந்தக் காவலாளி மதியத்துக்கு என்ன சாப்பிட்டார் என்று நமக்குத் தெரியுமா?

நம்முடைய கோபத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. அது தண்ணீரைப்போல எப்போதும் பள்ளத்தைத் தேடி ஓடும். தாலுகா ஆபீசில் அதிகாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அதே மனுஷன், இங்கே பூங்கா வாசலில் கையை ஓங்குகிறான். தாலுகா ஆபீசில் அவனுக்குப் பொறுமை இருந்ததே! ஆகையால் பொறுமை இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. யாரிடம் பொறுமை காட்ட வேண்டும், யாரிடம் தேவையில்லை என்று கணக்குப் போட்டுவைத்திருக்கிறான். திருப்பிப் பேச முடியாதவனிடம் காட்டுகிற பொறுமைதான் பொறுமை. மற்றதெல்லாம் பயம்.

நாகமானை நினைத்துப் பாருங்கள். சீரியாவின் படைத்தலைவன். குதிரைகளோடும் இரதத்தோடும் எலிசாவின் வாசலில் வந்து நின்றான். தீர்க்கதரிசி வெளியே வரவில்லை, ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். யோர்தானிலே ஏழுதரம் முழுக வேண்டும் என்று வந்த ஆள் சொன்னது சரியான செய்தி, சுகம் தருகிற செய்தி. ஆனாலும் நாகமானுக்குக் கோபம் பற்றியெரிந்தது. ஏன்? பெரியவர் தானே வந்து பேசவில்லை. நம்முடைய பாஷையில் சொன்னால், "மேனேஜரைக் கூப்பிடு!" அந்தக் கோபத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தால் குஷ்டத்தோடுதான் திரும்பியிருப்பான். அவனுக்குப் பக்குவமாய் எடுத்துச் சொல்லித் திருப்பினதும் அவனுடைய வேலைக்காரர்தான்! சின்ன ஆள் சொன்னான் என்பதற்காகச் சரியான வார்த்தையைத் தள்ளுகிறவன் தன் நன்மையைத்தான் தள்ளுகிறான்.

வாடிக்கையாளர் செய்கிற கொடுமை இன்றைக்கு எவ்வளவு பெருகிவிட்டது என்றால், மரியாதைக்குப் பேர்போன ஜப்பான் தேசத்திலேயே, டோக்கியோ நகரம் அதைத் தடுக்க 2024-ல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கால் கடுக்கிறவன் உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருக்கிறது! சட்டம் நாற்காலி போடும். கனிவான ஒரு வார்த்தையை எந்தச் சட்டத்தாலும் போட முடியாது. அது நம் கையில் இருக்கிறது.

4. அப்படியானால் அநியாயத்தை விழுங்க வேண்டுமா?

வேண்டாம். சாந்தம் வேறு, கோழைத்தனம் வேறு. காசு வாங்கிக்கொண்டு பாதி ராட்டினத்தை நிறுத்திவைத்திருந்தால் கேட்க வேண்டியதுதான். குளத்துத் தண்ணீர் அழுக்காயிருந்தால், லாக் தளர்ந்திருந்தால், கேட்காமல் விடுவது அடுத்தவன் பிள்ளைக்கும் துரோகம். சில நேரம் ஊழியரே எரிந்து விழுவார், அதுவும் உண்டு. பெண்பிள்ளைகளிடம் தப்பாய் நடந்தால் சும்மா விடவே கூடாது.

ஆனால் எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது? அதிகாரம் உள்ளவரிடம் கேளுங்கள். அலுவலகத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், தேதி, நேரம் போடுங்கள், டிக்கெட்டைப் பத்திரமாய் வையுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாசலில் நிற்கிறவனைப் பத்து நிமிஷம் திட்டினால் ஒரு சட்டமும் மாறாது. ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் மாறினாலும் மாறும். சத்தம் போடுகிறவர்கள் அநேகமாய் எழுதிக் கொடுப்பதில்லை. ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது நியாயம் அல்ல, கோபம் ஆறினால் போதும்.

ஊழியர் எரிந்து விழுந்தால்? "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா தம்பி? தண்ணி குடிச்சீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் உருகிப்போவார்கள். உருகாத இரண்டு பேரிடமும் நமக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

5. ஊழியர் என்கிற பேர்

ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். நம் சபைகளில் "ஊழியர்" என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம்! ஊழியக்காரர் வருகிறார் என்றால் எழுந்து நிற்கிறோம், நாற்காலி போடுகிறோம், முதல் தட்டுச் சாப்பாடு அவருக்கு. அந்தப் பூங்காவில் வேலை செய்கிறவருக்கும் தமிழில் அதே பேர்தான், ஊழியர். ஒரே சொல். ஒருவருக்கு எழுந்து நிற்கிறோம், இன்னொருவரை "ஏய்" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறோம். கழிப்பறை கழுவுகிற அந்த அம்மா நம் பிள்ளைகளுடைய அழுக்கைச் சுத்தம் பண்ணுகிறாள். ஊழியம் என்றால் அதைவிட வேறு என்ன?

ஆகவே பிரியமானவர்களே, குழுவை அழைத்துப் போகிற தலைவர்களே, வேனிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். கவுண்டரில் நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். போவாஸ் நிலத்துக்குச் சொந்தக்காரன், ஆனாலும் அறுக்கிறவர்களை முந்திக்கொண்டு வாழ்த்தினவன் அவன்தான். சட்டையில் பேர் எழுதியிருந்தால் பேரோடு "அண்ணா", "அக்கா", "தம்பி" சேர்த்துக் கூப்பிடுங்கள். டிக்கெட் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, பெரியவர் எத்தனை என்று முன்னமே எண்ணி வையுங்கள், பணத்தைத் தயாராய் வையுங்கள். உயரம் குறைந்த பிள்ளை எது என்று வீட்டிலேயே அளந்து, அதற்கு முன்னமே சொல்லித் தேற்றி வையுங்கள். வரிசையில் ஒருவரை நிறுத்திவிட்டு இருபது பேர் நடுவில் போய்ச் சேராதிருங்கள். சாப்பிட்ட இடத்தில் இலையும் பேப்பரும் கிடக்க விட்டுப் போகாதிருங்கள். "முடியாதுங்க" என்று ஒருவர் சொன்னால், "சரிங்க, ஏன்னு பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேளுங்கள். பிள்ளை கேட்டுக்கொள்ளும், சொன்னவருக்கும் மரியாதை.

நல்லபடியாய் வேலை செய்தவரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குறை எழுதவாவது நாலு பேர் இருப்பார்கள், நிறை எழுத யாரும் வருவதில்லை. அந்த ஒரு வரி அவருடைய மேலதிகாரி கண்ணில் படட்டும்.

நம்முடைய வேன் புறப்பட்டுப் போன பிறகு அந்த வாசலில் நிற்கிறவர்கள் நம்மைப் பற்றி ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்ளுவார்கள்? நாம் பாடின பாட்டு அவர்களுக்கு ஞாபகம் இராது. வேனில் கட்டியிருந்த பேனரில் என்ன எழுதியிருந்தது என்பதும் மறந்துபோகும். "அந்தச் சபைக்காரங்க வந்தாங்களே, ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க" என்று ஒரு வார்த்தை அவர்கள் வாயில் வந்தால், அந்த நாளுக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.